சம்பந்தி தந்த அறுபது கொச்சிக்காய்க் கன்றுகள்

கல்முனைக்குடி,
வெள்ளிக்கிழமை, அசர் தொழுகைக்குப் பின்.

பிரியமும் கண்ணியமும் நிறைந்த சம்பந்தி ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

இவ்விடம் நானும், என் மனைவி சுஹறாவும், மகள் பஸ்னாவும், உங்கள் மகனும் எங்கள் வீட்டு மருமகனுமான முபாறக்கும் வல்ல நாயனின் கிருபையால் சுகமாக இருக்கிறோம். சம்மாந்துறையில் நீங்களும் உங்கள் வீட்டாரும் அவ்வாறே சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். நீங்கள் தந்த கொச்சிக்காய்க் கன்றுகள் மட்டும் சுகமாக இல்லை. அவை மௌத்தாகி மண்ணோடு மண்ணாகி இரண்டு மாதமாகிறது.

இந்தச் செய்தியைக் கடிதத்தின் கடைசியில் எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். முப்பத்துநான்கு வருடம் தபாற்கந்தோரில் இருந்தவன் நான். முக்கியமான சங்கதியைக் கடைசியில் எழுதினால் பாதிப்பேர் அதுவரை வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கடைசிக்குத் தள்ளப் பார்த்தேன். சுஹறா பக்கத்தில் நின்றுகொண்டு, "முதல்லயே எழுதுங்க. இல்லாட்டி நான் சம்பந்திக்கு வொய்ஸ் போடுவன்" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் வொய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறவர். உங்கள் வீட்டில் உள்ளவர்களும், வந்திருப்பவர்களும், மதிலுக்கு அங்கால் நிற்பவர்களும் ஒரே நேரத்தில் கேட்டு முடிப்பார்கள். அதற்குப் பயந்துதான் பேனையை எடுத்தேன். ஆகவே இது என்னுடைய நேர்மையால் எழுதப்படும் கடிதம் என்று தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம்.

போன புதன்கிழமை லுஹருக்குப் பிறகு நீங்கள் பயணம் சொல்ல வந்தீர்கள். உம்றாவுக்கு மக்கா போகிறவர் உறவு, அயல் என்று வீடு வீடாக ஏறி இறங்கித் தன் குற்றம் குறைகளைப் பொருந்தச் சொல்லிக் கேட்பதும், கேட்கப்பட்டவர் பதிலுக்குத் தானும் கேட்பதும் நம் ஊர்களின் முறை. நீங்கள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "சம்பந்தி, தெரிஞ்சும் தெரியாமலும் நான் ஏதும் பிழை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கங்க. கொச்சிக்கா விசயத்திலயும் ஏதும் இரிந்தா பொருந்திக்கங்க" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அறுபது கன்றைச் சும்மா தந்த மனிதர் அதற்கும் மன்னிப்புக் கேட்கிறாரே என்று நினைத்தேன். நான் என்ன செய்தேன்? நாற்காலியில் நிமிர்ந்து இருந்துகொண்டு, பெரிய மனிதன் போல, "நான் எல்லாத்தையும் பொருந்திட்டன் சம்பந்தி, சந்தோசமாப் போய்ட்டு வாங்க" என்றேன். அடுத்தது நான் கேட்க வேண்டிய முறை. வாயைத் திறந்தேன். "தேத்தண்ணி குடிங்க" என்றுதான் வந்தது.

அதோடு விட்டீர்களா? சோறு வைத்தோம். உறைப்புச் சம்பலை ஒரு வாய் வைத்துவிட்டு, "இது உங்கட தோட்டத்துக் கொச்சிக்காதானே?" என்று கேட்டீர்கள். நான் "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை என்பது உண்மை, ஆனால் அந்த ஒரு சொல்லே பொய். முபாறக் தன் பீங்கானைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுஹறா கறிச்சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனவள், நீங்கள் போகும்வரை திரும்பி வரவில்லை.

கை கழுவிய பிறகு, "தோட்டத்த ஒருக்காப் பாத்திட்டுப் போவம்" என்று நீங்கள் எழும்பினீர்கள். "பின்வளவில அயல் பொண்டுகள் இரிக்காங்க சம்பந்தி" என்று சொன்னேன். நீங்கள் உடனே பார்வையைத் தாழ்த்தி, "அஸ்தஃபிருல்லாஹ், எனக்குத் தெரியாதே" என்று முன்வாசல் பக்கம் திரும்பி நின்றீர்கள். அந்த நேரம் பின்வளவில் ஆடு ஒன்று கத்தியது. அது பக்கத்து வீட்டு மிஹ்லாரின் ஆடு. பின்வளவில் அந்த ஆட்டைத் தவிர ஒரு பெண்பிள்ளையும் இருக்கவில்லை சம்பந்தி. உங்கள் பேணுதலை வைத்தே உங்களை ஏமாற்றினேன். இதை எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

இதையெல்லாம்கூட நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறிய பிறகு திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னீர்கள். "கஃபாவக் கண்ட முதல் பார்வையில கேக்கிற துஆ கபூலாகும் எண்டு சொல்லுவாங்க. அதில உங்கட கொச்சிக்காயையும் சேத்துக் கேக்கிறன் சம்பந்தி." எத்தனை வருடமாக நீங்கள் நிய்யத்து வைத்த பயணம். வாழ்க்கையில் ஒரு தடவை கிடைக்கிற அந்த முதல் பார்வையில், செத்து மக்கிப்போன அறுபது தடிகளுக்காக நீங்கள் கையேந்தி நிற்கப் போகிறீர்கள். நானும் என் பிழையைப் பொருந்தக் கேட்காமல் உங்களை அனுப்பப் பார்த்தேன். இரண்டு நாளாகத் தொழுகையில் நின்றால் ஓதுவது மறந்துபோகிறது. திங்கட்கிழமை நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் இந்தக் கடிதம் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

நோன்புப் பெருநாளன்று உங்கள் வீட்டில் இருந்து கதைத்தது நினைவிருக்கும். நீங்கள் வெள்ளாமையைப் பற்றிக் கதைத்தீர்கள். கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பென்சன்காரனை யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "முப்பத்துநாலு வருசத்தில ஒரு கடிதத்தத் தவறவிடாதவன் நான். ஒரு பாத்தி கொச்சிக்காயத் தவறவிடுவனா? இந்த வருசம் நானும் நடப்போறன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்வரை எனக்கே அந்த எண்ணம் இருக்கவில்லை. நீங்களும் உடனே, "அப்ப நானும் நடுறன். ரெண்டு பேரும் பாப்பம்" என்று சிரித்தீர்கள். நாங்கள் இரண்டு பேரும் கொச்சிக்காயைச் சம்பலில் தவிர வேறெங்கும் கிட்டப் பார்த்தவர்களில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இரண்டு கிழமையில் நீங்கள் அறுபது கன்றோடு வந்தீர்கள். ஈரச் சாக்கில் சுற்றி, வாயை நூலால் கட்டியிருந்தது. அது தபால் பையின் வாயைக் கட்டுகிற முடிச்சு. அறுத்தாலொழிய அவிழாது. கமக்காரர்களுக்கும் இந்த முடிச்சு தெரிந்திருக்கிறதே என்று சுஹறாவிடம் உங்களை மெச்சினேன். அன்றைக்கு நீங்கள் தந்த ஆலோசனையும் எனக்குப் பாடம். "கச்சான் காத்து துவங்கினா வேரச் சுத்தித் தேங்காப் பொச்சு மட்ட போடுங்க. ஒரு கன்றுக்கு ஒரு சிரட்டத் தண்ணி, காலையில ஒண்டு, அசருக்கு ஒண்டு. இல சுருண்டா இரக்கப்படாமப் புடுங்கி எரிச்சிடுங்க." மத்ரஸாப் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல் மூச்சுவிடாமல் சொன்னீர்கள். நானும் தலையை ஆட்டினேன். பிறகு அந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை. சிரட்டையால் தண்ணீர் ஊற்றுவது ஒரு தபாலதிபருக்கு ஒத்துவராது என்று நினைத்தேன்.

முதல் மாதம் கன்றுகள் நன்றாகத்தான் நின்றன. பிறகு கச்சான் தொடங்கியது. இந்த முறை அது காற்றில்லை, அடுப்பு வாய். மழை ஒரு துளி இல்லை. எங்கள் கிணறு கடலுக்குக் கிட்ட இருப்பதால் தண்ணீர் உவராகிவிட்டது. அதை ஊற்ற ஊற்ற இலை ஓரமெல்லாம் கருகியது. குழாய்த் தண்ணீரை ஊற்றப் போனால் சுஹறா குழாயின் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மண் வெடித்து, கன்றுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு என்னையே பார்த்தன. அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளியில் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழுச் செய்துகொண்டிருக்கும்போது, அந்த எண்ணம் வந்தது. வுழுச் செய்யும்போது வரக் கூடாத எண்ணம் அது.

எங்கள் பள்ளிக்கும் என் பின்வளவுக்கும் நடுவில் ஒரு மதில்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி நிர்வாகத்தில் நான் செயலாளர். வுழுச் செய்த நல்ல குழாய்த் தண்ணீர் எல்லாம் வீணாக வாய்க்காலில் ஓடுகிறது. வடிகால் திருத்துகிறேன் என்று சொல்லி ஒரு பைப்பை மதிலுக்குக் கீழால் என் பாத்திக்கு இறக்கினேன். தண்ணீர் வீணாகாமல் ஒரு உயிருக்குப் போகிறது, நன்மைதானே என்று எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மௌலவி சந்தோசமாகத் தந்திருப்பார். கேட்காமல் எடுத்ததுதான் திருட்டாகிப் போனது.

அது அதோடு நிற்கவில்லை. வுழுச் செய்யும் இடத்தில் 'தண்ணீரை வீண்விரயம் செய்யாதீர்கள்' என்று ஒரு பலகை இருந்தது. அதை எழுதி மாட்டியவனே நான்தான். துடைப்பதற்கு என்று கழற்றினேன். துடைத்தேன். திரும்ப மாட்டவில்லை. அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஒரு பொடியன் பைப்பை முழுதாகத் திறந்துவிட்டு முழங்கால் வரை கழுவினால் முன்பு நான் ஏசுவேன். இப்போது பக்கத்தில் நின்று, "வடிவாக் கழுவுங்க மகன், அவசரமில்ல" என்றேன். சனங்கள் நான் திருந்திவிட்டேன் என்று சொன்னார்கள். எனக்கு சலாம் சொல்லும் ஆட்கள் கூடினார்கள்.

கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது என் பாத்தி மட்டும் பச்சையாக நின்றால், ஊரிலுள்ள வெள்ளை ஈ எல்லாம் எங்கே போகும்? எல்லாம் என்னிடம்தான் வந்தன. செடியை ஆட்டினால் சாம்பல் தூவியதுபோல் எழும்பும். ஒரு கிழமைக்குள் நுனி இலைகள் சுருள ஆரம்பித்தன. இரக்கப்படாமல் பிடுங்கி எரிக்கச் சொன்னீர்கள். உங்கள் கையால் தந்த கன்றை எப்படி எரிப்பது? சுருண்டது ஐந்து. அந்த ஐந்துக்கும் நான் இரக்கப்பட்டதில் மற்றது முழுவதும் சுருண்டது.

விவசாயக் கந்தோருக்குப் போனேன். அங்கே ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். கொச்சிக்காயை மிளகாய் என்று எழுதி, வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து வெயில் தாழ்ந்த பிறகு அடிக்கும்படி போட்டிருந்தது. நான் வாசித்தது முதல் பாதி. லுஹர் வெயிலில், சொன்ன அளவை இரண்டு மடங்காக்கி, சுஹறா குளிக்க வைத்திருந்த சந்தனச் சவர்க்காரத்தைக் கரைத்து அடித்தேன். இலைகள் கருகிப்போயின. வளவு முழுக்கக் கல்யாண வீட்டு வாசம். வெள்ளை ஈக்கள் குளித்து மணத்தோடு பறந்தன. பஸ்னா ஜன்னலால் எட்டிப் பார்த்து, "வாப்பா, பூச்சிக்கு ஒரு துவாயும் குடுங்களேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பிறகு ஓதிப் பார்க்கிற லெவ்வையிடம் போய் மண் ஓதி எடுத்து வந்தேன். வயலின் நாலு மூலையிலும் ஓதின மண் எறிந்தால் பூச்சி போகும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். நான் பிஸ்மி சொல்லி எறிந்த நேரம் கச்சான் ஒரு சுழற்று சுழற்றியது. மண் முழுவதும் மிஹ்லாரின் வளவுக்குள் போய் விழுந்தது. இந்த வருடம் மிஹ்லாரின் தேசி மரத்தில் ஒரு பூச்சி இல்லை. காய் கொத்துக்கொத்தாக நிற்கிறது. அவர் வீட்டுக்காரி ஒரு பை தேசிக்காய், சம்பலுக்குப் புளி பிழியச் சொல்லி அனுப்பிவைத்தாள். நன்றி சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

இந்த நிலையில் கன்றுகள் வாடத் தொடங்கின. வாடினால் தாகம் என்றுதானே நினைப்போம்? நான் வடிகால் வாயை இன்னும் பெரிதாக்கினேன். ஐந்து நேரத் தொழுகைக்கும் ஐந்து நேரம் தண்ணீர். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வருகிற சனம் முழுவதும் கை கால் கழுவிய தண்ணீர் ஒரே மூச்சில் என் பாத்திக்குள் இறங்கியது. அன்றைக்கு குத்பாவில் மழை வேண்டித் துஆக் கேட்டார்கள். எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். நான் மட்டும் மதிலுக்கு அங்கால் என் வெள்ளத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அடுத்த நாள் ஒரு கன்றைத் தொட்டேன், கையோடு வந்தது. வேர் கறுத்து, பிசுபிசுத்து, நாறியது. நாடு முழுக்கப் பயிர் காய்ந்து செத்த வருடத்தில் என் கொச்சிக்காய் தண்ணீரில் மூழ்கிச் செத்தது சம்பந்தி. அறுபதும். ஒரு சிரட்டை போதும் என்று நீங்கள் சொன்ன இடத்தில் நான் ஒரு ஜமாஅத்தையே இறக்கிவிட்டேன்.

அன்றைக்கே உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அந்தக் கிழமைதான் நீங்கள், "என்ட கன்று காய்க்கத் துவங்கிட்டு, உங்கட எப்பிடி?" என்று மெசேஜ் போட்டிருந்தீர்கள். நான் நேரே பாண்டிருப்புக்குப் போனேன், கனகரெத்தினத்திடம்.

கனகரெத்தினத்தை உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கல்யாணத்துக்கு வந்து மத்தியானம்வரை நின்றவர். என் கந்தோரில் இருபத்தாறு வருடம் தபால்காரராக இருந்தார். பிந்தி வருகிறார் என்று நான் அவருக்கு எழுதாத கடிதம் இல்லை. இப்போது வீட்டுக்குப் பின்னால் கொச்சிக்காய்ப் பாத்தி போட்டிருக்கிறார். நான் போன நேரம் சிரட்டையும் கையுமாகக் குனிந்து ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றார். வேரைச் சுற்றிப் பொச்சு மட்டை. சுருண்ட செடிகளைப் பிடுங்கி எரித்த இடத்தில் கரித் திட்டு. அத்தனை வெயிலிலும் செடி நிறையக் காய். "இதில என்ன சேர் இரிக்கு, நேரத்துக்கு வாறதுதான்" என்றார். என்னைக் குத்திச் சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

அவருடைய பாத்தியைப் போனில் படம் எடுத்தேன். நான் போனைத் தூக்கியதும் அவர் தானாகவே ஓரமாக விலகிப் படத்துக்கு வெளியே நின்றுகொண்டார். என்னத்துக்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் படத்தை 'அல்ஹம்துலில்லாஹ்' என்று எழுதி உங்களுக்கு அனுப்பினேன். "மாஷா அல்லாஹ், எங்கயோ கண்ட பாத்தி மாதிரி இரிக்கி சம்பந்தி. நல்ல பாத்தியெல்லாம் ஒரே மாதிரித்தான் இரிக்கும்" என்று பதில் போட்டீர்கள். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு சுஹறாவுக்கும் காட்டினேன். அன்றிலிருந்து கிழமைக்கு ஒரு தரம் பாண்டிருப்புக்குப் போய் ஒரு பை கொச்சிக்காய் வாங்கி வந்து, அதில் ஒரு பங்கை என் தோட்டத்தது என்று முபாறக்கின் கையில் உங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அவர் மறுப்புச் சொல்லாமல் கொண்டுபோகிறார். மருமகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்து ஒன்றரை மாதமாகிறது.

சம்பந்தி, நான் செய்ததை எல்லாம் எழுதிவிட்டேன். உங்களுக்குப் பொய் சொன்னேன். பொய்யான படம் காட்டினேன். அயல் பெண்கள் என்று ஆட்டைச் சொன்னேன். நீங்கள் அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டபோது, மன்னிக்கிறவனின் நாற்காலியில் ஏறி இருந்தேன். பள்ளியில் இன்று ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்தாரிடம் பைப்பைப் பற்றிச் சொல்லி, அதைக் கழற்றிவிட்டேன். பலகையும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. உங்களிடம்தான் இன்னும் தலை குனிந்து நிற்கிறேன். அல்லாஹ்வுக்காக என்னைப் பொருந்திக்கொள்ளுங்கள். உங்கள் முதல் பார்வையின் துஆவில் கொச்சிக்காயை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் உங்கள் மகனுக்கும் என் மகளுக்கும் கேளுங்கள். இப்படி ஒருவன் உங்களுக்குச் சம்பந்தியாக வாய்த்ததற்காக எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

வல்ல நாயன் உங்கள் பயணத்தை இலேசாக்கி, உங்கள் உம்றாவை ஏற்றுக்கொண்டு, போன சுகத்தோடு வீடு திருப்பித் தருவானாக. உங்கள் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் எல்லோருடைய ஸலாம்.

உங்கள் பொருத்தத்தை வேண்டி நிற்கும் சம்பந்தி,
எம்.ஐ. உதுமாலெவ்வை
(ஓய்வுபெற்ற தபாலதிபர்)

பிற்குறிப்பு:

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், அதனால் இது தனித் தாளில். பழைய பழக்கம், மேலால் நூலால் ஒரு கட்டுக் கட்டினால்தான் எனக்குத் திருப்தி. நூல் தேடிக் குசினிக்குப் போனேன். புதன்கிழமை நீங்கள் "என்ட தோட்டத்துக் கொச்சிக்கா" என்று தந்த பை அங்கே ஆணியில் தொங்கியது. சுஹறா பக்கத்தால் வெட்டிக் காயை எடுத்திருக்கிறாள், வாய்க் கட்டு அப்படியே இருந்தது. அறுத்தாலொழிய அவிழாத முடிச்சு. கன்றுச் சாக்கில் கண்ட அதே முடிச்சு. சம்பந்தி, அந்த முடிச்சை இந்தப் பக்கத்தில் நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அவர் வீடு பாண்டிருப்பில்.

அங்கேயே நின்று கனகரெத்தினத்துக்குப் போன் எடுத்தேன். "என்ட சம்பந்தி உங்களிட்ட வாறவரா?" என்று கேட்டேன். "சேர், ஆருக்கு என்ன போகுது எண்டு இன்னொருத்தருக்குச் சொல்லக்கூடாது எண்டு நீங்கதானே எனக்குப் படிப்பிச்ச" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் அவரிடமிருந்து எடுக்க முடியவில்லை. அவருக்கு நான் எழுதிய கண்டிப்புக் கடிதங்கள் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன.

முபாறக்கைக் கூப்பிட்டேன். அவர் உறையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், நிலத்தில் இருந்துவிட்டார். "மாமா, வாப்பாட கன்ற மாடு திண்டு மூணு மாசம். உங்களுக்குத் தந்த கன்றும் கனகரெத்தினம் அண்ணன்டதான். நீங்க அனுப்புறத அங்க குடுக்கிறன், வாப்பா தாறத இஞ்ச குடுக்கிறன். ரெண்டும் ஒரே பாத்தி. எனக்கு நடுவில நிண்டு ஏலாமப் போச்சு" என்றார். பாவம், அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சுஹறா சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை இன்றுதான் கேட்டேன்.

ஆகவே மேலே நான் 'தலை குனிந்து' என்று எழுதியதில் பாதித் தலையை நிமிர்த்திக்கொள்கிறேன். கொச்சிக்காய் விசயத்திலும் பொருந்திக்கங்க என்று நீங்கள் கண் கலங்கியது எதற்கென்று இப்போது விளங்குகிறது. நீங்கள் பாதியாவது வாயைத் திறந்திருக்கிறீர்கள், நான் தேத்தண்ணியைத்தான் நீட்டினேன். அந்த வகையில் என் வெட்கம் இன்னும் ஒரு படி கூடத்தான். கடிதத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன், சுஹறா அதை முபாறக்கின் கையில் கொடுத்துவிட்டாள். நாளை சுபஹுக்குப் பிறகு கொண்டுவருவார். புதன்கிழமை நான் பொருந்திட்டன் என்று சொன்னது விளங்காமல் சொன்னது. இப்போது விளங்கித்தான் சொல்கிறேன், பொருந்திவிட்டேன்.

ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். துஆவில் கொச்சிக்காயை விட்டுவிடச் சொன்னேன் அல்லவா, விட வேண்டாம். கேளுங்கள். கனகரெத்தினத்தின் பாத்திக்கு ஒரு குறையும் வராமல், கச்சானும் வெள்ளை ஈயும் அந்தப் பக்கம் திரும்பாமல் இருக்கக் கேளுங்கள். நம் இரண்டு பேருடைய மானமும் அங்கேதான் காய்க்கிறது.